புது வரவுக்குப் பெயர் வைக்க: ஓர் அத்தையின் குறிப்புகள்

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் விடிகாலையில் என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து வந்த பிள்ளை. அன்று மதியமே வாட்ஸ்அப்பில் அவனிடமிருந்து ஒரு பட்டியல் வந்துவிட்டது. மொத்தம் 43 பெயர்கள், எல்லாம் இணையத்தில் பொறுக்கியவை. கீழே ஒரு வரி: "அக்கா, எல்லாமே புதுசுன்னு அர்த்தம் வர்ற பேரு. நீதான் ஒண்ணு பார்த்து வைக்கணும்."

எங்கள் வீட்டு வழக்கப்படி அத்தைதான் குழந்தையின் காதில் பெயர் சொல்ல வேண்டும். அதோடு நான் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு பாலர் பள்ளியில் 22 ஆண்டுகளாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். காலையில் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் என் முதல் வேலை. ஒரு பெயர் மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் என்ன ஆகிறது, சீன ஆசிரியையின் வாயில் என்ன ஆகிறது, பாட்டி வாயில் என்ன ஆகிறது என்று நிறையப் பார்த்திருக்கிறேன். தம்பி அனுப்பிய பட்டியலோடு நான் உட்கார்ந்த நாட்களில் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். புதுமை என்ற பொருளில் பெயர் தேடுகிறவர்களுக்கு உதவட்டும்.

பட்டியலை அப்படியே நம்பாதீர்கள்

முதல் வேலை, ஒவ்வொரு பெயரின் வேரையும் பார்ப்பது. தம்பியின் பட்டியலில் 11 பெயர்களுக்கு எழுதியிருந்த பொருள் தவறு. இதில் அதிகம் ஏமாற்றுவது 'நவ' என்ற சொல். வடமொழியில் அதற்கு இரண்டு பொருள் உண்டு: ஒன்று 'புதிய', மற்றொன்று 'ஒன்பது'. நவமணி என்றால் ஒன்பது மணிகள். நவரத்தினமும் அப்படித்தான். நவராத்திரி ஒன்பது இரவுகள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெயர் என்று வரும்போது மட்டும் 'நவ' என்று கண்டவுடன் 'புதிய' என்று எழுதிவிடுகிறார்கள். பட்டியலில் நவமணிக்கு 'புதிய மணி' என்று போட்டிருந்தது.

நவநீதா என்ற பெயருக்கு 'புதிய நீதி உடையவள்' என்று எழுதியிருந்தார்கள். நவநீதம் என்றால் வெண்ணெய், அதுவும் அப்போதே கடைந்தெடுத்த புது வெண்ணெய். நவநீதகிருஷ்ணன் என்றால் வெண்ணெய்க் கண்ணன். நீதிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பெயர் நல்ல பெயர்தான், புதுமையும் அதற்குள் இருக்கிறது. ஆனால் மகள் வளர்ந்து "என் பேருக்கு என்னம்மா அர்த்தம்" என்று கேட்கும்போது சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும் அல்லவா?

நிஜமாகவே 'புதிய' என்ற பொருள் உள்ள வடமொழிப் பெயர்கள் இவை: நவீன், நவீனா, நவ்யா, நூதன், நூதனா, அபிநவ். இவற்றை ஐயமில்லாமல் வைக்கலாம். அபிநவ் பையனுக்கு, பெண்ணுக்கு அதையே நீட்டி அபிநவா என்பார்கள். பட்டியலில் அபிநயா என்ற பெயருக்கும் 'புதியவள்' என்று இருந்தது. அபிநயம் நாட்டியத்தில் முகத்தாலும் கையாலும் காட்டும் பாவனை. ஓர் எழுத்து மாறினால் பொருள் எங்கோ போய்விடுகிறது.

எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். அபூர்வா என்ற பெயரை நாம் 'அரியவள்' என்றுதான் எடுத்துக்கொள்வோம். பிரித்துப் பாருங்கள். பூர்வம் என்றால் முன்பு. அபூர்வம் என்றால் முன்பு இல்லாதது. அதுவரை உலகத்தில் இல்லாத ஒருத்தி வந்திருக்கிறாள் என்பதற்கு இதைவிடச் சரியான சொல் வடமொழியில் எனக்குத் தெரிந்து இல்லை. புதுமைப் பட்டியல்களில் யாரும் இதைச் சேர்ப்பதில்லை.

ஆதிரையை 'ஆதி'யோடு முடிச்சுப் போட்டு 'தொடக்கம்' என்று எழுதியிருந்தார்கள். ஆதிரை திருவாதிரை விண்மீன். அந்த நாளில் பிறந்த பிள்ளைக்கு வைத்தால் அழகாகப் பொருந்தும், புதுமைக்காக வைக்க வேண்டாம்.

பெயரைச் சரிபார்க்க இணையத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி கிடைக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இன்றும் சொல்லின் வேர் பார்க்க நான் முதலில் போவது அதற்குத்தான். பெயரைத் துண்டாக்கி ஒவ்வொரு துண்டையும் தேடுங்கள். ஒரு துண்டுகூட அகராதியில் கிடைக்கவில்லை என்றால், அந்தப் பெயர் ஓசைக்காகக் கோத்தது, பொருள் பின்னால் ஒட்டியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்தப் புதுமை வேண்டும்?

இதைத் தம்பியிடம் கேட்டபோது அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "புதுசுன்னா புதுசுதானேக்கா" என்றான். சரி, உன் மனதில் எது வருகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: பிள்ளை பிறந்த அன்று சாயங்காலம் மனைவிக்கு வீட்டிலிருந்து ரசம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குத் திரும்பும்போது மேற்கே மெல்லிசாக ஒரு பிறை தெரிந்ததாம். அமாவாசை முடிந்து முதன்முதலாகக் கண்ணில் பட்ட நிலா. தம்பி மனைவியிடம் கேட்டேன். அவள் சொன்னது வேறு. ஏழு வருடமாகச் செடியில் மொட்டு வருமா வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தது மாதிரி இருந்தது அண்ணி, என்றாள்.

இந்த இரண்டு பதிலும் வந்த பிறகு 43 பெயர்களில் 30 தானாகவே உதிர்ந்துவிட்டன. நீங்களும் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் வீட்டில் இதைக் கேளுங்கள். 'புதிய' என்று நேரே சொல்லும் பெயர்கள் தமிழில் குறைவு. புதியவன், புதுமலர், புதுநிலா என்று சில உண்டு, அவ்வளவுதான். ஆனால் புதிதாக வருவதற்குத் தமிழில் இருக்கும் சொற்களோ கொள்ளை கொள்ளையாய் இருக்கின்றன. முளைப்பது, விடிவது, பிறப்பது, அரும்புவது என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல்.

செடியிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் அதில்தான் வளம் அதிகம். ஓர் இலைக்கு நம் மொழி எத்தனை வயது வைத்திருக்கிறது பாருங்கள்: கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. இதில் முதல் இரண்டும் பெயராகும். தளிர், இளந்தளிர், தளிர்மதி என்று வைக்கிறார்கள். துளிரும் அதே குடும்பம்தான், பையனுக்கும் பொருந்தும். பல்லவி என்ற பெயரும் இங்கேதான் சேரும். பல்லவம் என்றால் வடமொழியில் தளிர். பாட்டில் முதலில் வருவதும் பல்லவிதான், அது பாடி முடித்த பிறகுதான் அனுபல்லவியும் சரணமும். தளிரும் தொடக்கமும் ஒரே பெயரில் வந்து உட்காருவது இதில்தான். இசை கேட்கும் குடும்பம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வைக்கலாம்.

பூவுக்கும் அப்படித்தான். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று அரும்புவதிலிருந்து வாடி உதிர்வது வரை பெயர்கள். மலர் என்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதற்கு முந்தைய நிலைகளைத்தான் நாம் மறந்துவிட்டோம். அரும்பு, முகை, நறுமுகை, முகிழினி எல்லாம் இன்னும் திறக்காத பூவின் பெயர்கள். நறுமுகை என்றால் மணமுள்ள மொட்டு: நறு என்றால் நல்ல மணம், முகை என்றால் மொட்டு. முகிழ் என்பதும் மொட்டுதான். இதையும் முகிலையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முகில் என்றால் மேகம். முகிலனுக்கு 'அரும்புபவன்' என்று பொருள் போட்ட பட்டியலைப் பார்த்திருக்கிறேன்.

விடியலுக்கு வருவோம். வைகறை, விடியல், புலரி, உதயம் எல்லாம் இதற்கு உண்டு. உதயன், உதயா, உதயநிலா என்று எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். உஷாவும் அருணாவும் நம் அம்மாக்கள் காலத்துப் பெயர்கள் என்று ஒதுக்குகிறோம். உஷா என்றால் விடியற்பொழுது. அருணன் சூரியனுக்கு முன்னால் வரும் செந்நிறம், சூரியனின் தேரோட்டி. பாட்டி பெயர் உஷா என்றால் பேத்திக்கு வைகறை என்று வைக்கலாம். அதே பொருள், புதுச் சொல். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் வழக்கமும் விட்டுப்போகாது. பையனுக்கு இளம்பரிதி, இளங்கதிர் என்று வைக்கலாம். பரிதி என்றால் சூரியன். சூரியநாராயண சாஸ்திரி தன் பெயரைத் தமிழாக்கிப் பரிதிமாற் கலைஞர் என்று வைத்துக்கொண்டாரே, அந்தப் பரிதிதான். அப்போதுதான் எழுந்து வரும் சூரியன் இளம்பரிதி.

விடியல் என்ற பெயரைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. பொருள் அருமை. ஆனால் வீட்டில் யாரும் பெயரை முழுசாகக் கூப்பிடமாட்டார்கள், 'விடியா' என்று இழுப்பார்கள். 'விடியா' என்பது நம்மூர் வசவில் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் அம்மா அந்தப் பெயரைக் கேட்டதுமே முகம் சுளித்துவிட்டார். சுருக்கினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது பிறை. ஆங்கிலத்தில் யோசித்துவிட்டுத் தமிழில் தேடுகிறவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். அவர்கள் 'புதிய நிலவு' என்று சொல்வது நமக்கு அமாவாசை, நிலாவே இல்லாத இரவு. நமக்குப் புதுசாக வரும் நிலா பிறைதான். மூன்றாம் பிறை பார்த்தால் நல்லது என்று பெரியவர்கள் சொல்வதும், நோன்பு தொடங்கப் பிறை பார்ப்பதும் அதனால்தான். இளம்பிறை, பிறைமதி, பிறைநிலா பெண்களுக்கு. பையனுக்குப் பிறைசூடன் என்ற பழைய பெயர் இருக்கிறது, சிவபெருமானின் பெயர்.

'இள' என்று தொடங்கும் பெயர்கள் இன்னும் ஏராளம். அவற்றில் இளவேனில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். சித்திரை, வைகாசி மாதங்களுக்கான பருவப்பெயர் அது. தமிழ்ப் புத்தாண்டையொட்டிப் பிறந்த பிள்ளைக்கு வேறு பெயர் தேடவே வேண்டாம்.

முஸ்லிம், கிறித்தவக் குடும்பங்களுக்கு

என் பள்ளித் தோழி ஒருத்தி தன் பேரனுக்கு ஹிலால் என்று வைத்தாள். அரபியில் அது பிறை. நோன்பு மாதத்துக்கு முதல் நாள் மாலை பிறந்தவன். ஜதீத் என்றால் நேரடியாகவே 'புதிய'. ஸபாஹ் என்றால் காலை. இதை ஸபா என்று சுருக்கினால் கிழக்கிலிருந்து வீசும் இளங்காற்று என்ற வேறு சொல் ஆகிவிடும். அதுவும் நல்ல பொருள்தான், ஆனால் எதை வைக்கிறோம் என்று தெரிந்து வையுங்கள். ஃபஜ்ர் விடியற்காலை. மலாயில் அது ஃபஜார் ஆகி, புக்கிட் பாஞ்சாங் இலகு ரயிலில் ஒரு நிலையத்தின் பெயராகவே இருக்கிறது. அந்த வழியில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு 'விடியல்' நிலையத்தில் இறங்குகிறோம் என்று தெரியும்!

கிறித்தவர்களுக்கு ரெனே, ரெனி இருக்கின்றன, லத்தீனில் 'மறுபடி பிறந்தவர்'. ஆனால் பலர் வீட்டிலேயே ஒரு புதுமைப் பெயர் இருப்பது அவர்களுக்கே தெரியாது. சவேரியார், சேவியர் என்று தலைமுறை தலைமுறையாக வைக்கிறோமே, அது ஸ்பெயினின் வடக்கே பேசும் பாஸ்க் மொழியில் 'புது வீடு' என்ற சொல்லிலிருந்து வந்த ஊர்ப்பெயர். தாத்தா பெயர் சவேரியார் என்றால், புதுமைக்காக வெளியே தேட வேண்டியதே இல்லை. நவோமியையும் நோவாவையும் ஓசையை வைத்துப் 'புதிய' என்று நினைத்துவிடாதீர்கள். நவோமி எபிரேயத்தில் இனிமை, நோவா ஓய்வு.

சிங்கப்பூர் வாய்க்குப் பொருந்துமா?

இந்த ஊரில் நம் பிள்ளையின் பெயரைத் தமிழர்கள் கூப்பிடுவதைவிட மற்றவர்கள் கூப்பிடுவதுதான் அதிகம். பள்ளியில், மருந்தகத்தில், பிற்பாடு வேலையிடத்தில். அதற்காகத் தமிழ்ப் பெயரை விட்டுவிட வேண்டும் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் எழுத்துக்கூட்டலில் கவனம் வேண்டும்.

முதலில் மதி. இளமதி, பிறைமதி, தளிர்மதி என்று வைப்பவர்கள் ஆங்கிலத்தில் 'டி' மட்டும் போட்டு எழுதினால் அது மலாயில் 'மாத்தி' என்றுதான் வாசிக்கப்படும். மாத்தி என்றால் இறந்துபோவது. மலாய்ப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் ஒரு சின்னப் பெண் இந்தப் பெயரோடு உட்கார்ந்திருப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்குத் தெரிந்த சொல் அது. 'டி'க்குப் பக்கத்தில் ஒரு 'எச்' சேர்த்தால் போதும், இந்த வம்பு இல்லை. அந்த அம்மாவிடம் சொன்னேன், ஆனால் பிறப்புப் பத்திரம் எழுதியாகிவிட்டது.

அடுத்தது ழகரம். என் பெயரிலும் ஒரு ழ உண்டு. நான் படித்த பள்ளியில் பத்து வருடமும் 'இஸட்' ஒலியில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு அது வலித்தது, இன்றும் மறக்கவில்லை. ஆனாலும் ழ வேண்டாம் என்று யாரிடமும் சொல்வதில்லை, அது நம் எழுத்து. முகிழ், எழில், தமிழ் என்று வைப்பவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். பாலர் பள்ளியில் சேர்க்கும் முதல் நாளே வகுப்பாசிரியையிடம் பெயரை இரண்டு முறை சொல்லிக்காட்டி, அவர் வாயால் ஒருமுறை சொல்லவையுங்கள். என்னோடு வேலை பார்க்கும் சீன ஆசிரியைகளுக்கு நான் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மாண்டரின் பேசுகிறவர்களுக்கு நாக்கை மடிப்பது பழக்கம்தான், ழகரம் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். முதல் வாரம் சொல்லிக்கொடுக்காவிட்டால்தான் தவறான உச்சரிப்பு ஆறு வருடத்துக்கு நிலைத்துவிடும்.

மற்ற பெயர்களில் ஒரு சின்ன உத்தி: உயிரொலியில் முடியும் சின்னச் சின்ன அசைகளாகப் பெயர் பிரிந்தால் எல்லோர் வாயிலும் வரும். ந-று-மு-கை என்று சொல்லிப் பாருங்கள். சீனருக்கும் மலாய்க்காரருக்கும் அதில் தடங்கல் எதுவும் இல்லை. இளம்பிறையில் 'ம்ப்' சேரும் இடத்தில் சிலர் நிற்பார்கள், ளகரம் லகரமாகும், அதைத் தவிரப் பெரிய சிக்கல் இல்லை.

நட்சத்திர எழுத்து

வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து. எங்கள் குழந்தை அனுஷம். அதற்கு ந, நி, நு, நே. நவ்யா, நவீனா, நறுமுகை மூன்றும் அடங்கிவிடும். கார்த்திகைக்கு அ, இ, உ, ஏ என்பதால் அபூர்வா, இளம்பிறை, உதயா எல்லாம் வரும். மகத்துக்கு ம, மி, மு, மே வருவதால் முகிழினி. உத்திரத்துக்கு டே, டோ, ப, பி, பல்லவி சேரும். அஸ்தத்துக்குப் பு உண்டு, புதுமலரை அங்கே வைக்கலாம். ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. எழுத்துப் பார்க்காத குடும்பங்கள் இந்தப் பத்தியை விட்டுவிடலாம். பார்க்கிறவர்கள் எழுத்துக்காகப் பொருளைப் பலி கொடுக்க வேண்டாம். பதிவில் ஒரு பெயரும், காதில் சொல்ல நட்சத்திர எழுத்தில் ஒரு பெயரும் வைப்பது பல குடும்பங்களில் உள்ள வழக்கம்தான்.

கூப்பிட்டுப் பாருங்கள்

எல்லாம் பார்த்த பிறகு எங்களிடம் மிஞ்சியது நான்கு: நவ்யா, அபூர்வா, இளம்பிறை, நறுமுகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பவாங்கில் தம்பி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் ஸ்பிரிங் தொட்டில், அதில் பழைய பாத்தேக் சாரோங்கைக் கட்டிக் குழந்தையைப் போட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு முறை ஒவ்வொரு பெயரையும் கூப்பிட வேண்டும் என்றேன். அடுப்படியிலிருந்து சத்தமாக, பக்கத்தில் குனிந்து மெதுவாக, கோபத்தில் கண்டிப்பது போல, தூங்கும் பிள்ளையை எழுப்புவது போல.

இதைக் கட்டாயம் செய்யுங்கள். காகிதத்தில் எல்லாப் பெயரும் அழகாகத்தான் இருக்கும். அபூர்வாவைக் கோபமாகக் கூப்பிடவே முடியவில்லை, பாதியிலேயே குரல் இறங்கிவிடுகிறது என்றாள் தம்பி மனைவி. நவ்யா எல்லோர் வாயிலும் வந்தது. ஆனால் அந்தப் பெயரில் ஏற்கெனவே எங்கள் சொந்தத்தில் இரண்டு பேர், என் வகுப்பில் மூன்று பேர். புதுமை என்று பொருள் தரும் பெயரே வகுப்பில் நான்காவதாக வரும் என்றால் தம்பிக்கு மனம் ஒப்பவில்லை. அம்மா நறுமுகையை 'முகை' என்று சுருக்கிக் கூப்பிட்டார், அப்புறம் 'முகையம்மா' என்றார். இளம்பிறையைத் தம்பி மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

நடுவில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, குழந்தையைப் பார்க்கச் சிவப்பு முட்டையோடு வந்தார். அவர்கள் வழக்கத்தில் பிள்ளை வீட்டார்தான் முட்டை கொடுக்க வேண்டும், எங்களுக்குத் தெரியாது என்று அவரே வாங்கி வந்திருந்தார். நறுமுகை என்ற பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நாளைக்குத் திறக்கப்போகும் பூ என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "ஆ, ஹுவா லெய்!" என்றார். தன் பேத்தியின் பெயரிலும் அந்த 'லெய்' இருக்கிறது, மொட்டு என்று அர்த்தம் என்று சொல்லிவிட்டு, தொட்டிலுக்குள் குனிந்து நறுமுகை என்று ஒருமுறை, திருத்தமாக, கூப்பிட்டார். புதுசு என்றால் சீனத்தில் என்ன என்று கேட்டேன். ஷின் என்றார். சிங்கப்பூரை அவர்கள் ஷின்ஜியாபோ என்று எழுதுவதில் முதல் எழுத்தே அதுதானாம். ஓசைக்காகப் போட்ட எழுத்துதான், ஆனாலும் இந்த ஊரின் பெயரிலேயே 'புதிய' இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தம்பி பிடிவாதத்தை விட்டது எதனால் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. அன்று இரவு அவனே சொன்னான்: "நறுமுகைன்னு வைப்போம்க்கா. பிறைன்னு நான் மட்டும் கூப்பிட்டுக்கிறேன்." செல்லப்பெயரில் அவன் நிலாவையும் சேர்த்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. ஒன்று மட்டும் சொல்லிவைத்தேன். பாலர் பள்ளிக்கு வரும்போது தன் முழுப்பெயர் கேட்டால் திரும்பிப் பார்க்கத் தெரிய வேண்டும். வீட்டில் 'பேபி' என்று மட்டும் கேட்டுப் பழகிய பிள்ளைகள் முதல் வாரம் என் வகுப்பில் தங்கள் பெயரைக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருப்பார்கள். செல்லப்பெயர் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும், தினமும் நாலு தடவையாவது முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

முப்பதாம் நாள் பெயர் சூட்டினோம். லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தையில் வாங்கிய வசம்பு வளையல், கருவளையல், தட்டு நிறையப் பச்சரிசி. அப்பா தன் மோதிரத்தால் அரிசியில் பெயரை எழுதினார். நான் குழந்தையின் வலது காதில் மூன்று முறை சொன்னேன்.

பதிவு செய்யும்போது

சிங்கப்பூரில் குழந்தை பிறந்து 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். அரசின் லைஃப்எஸ்ஜி செயலியிலேயே சிங்பாஸ் என்ற மின் அடையாளக் கணக்கைக் கொண்டு செய்துவிடலாம், கட்டணம் 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2022 மே 29 முதல் பிறப்புச் சான்றிதழ் மின்வடிவில்தான் வருகிறது. 42 நாள் என்பது நிறைய மாதிரித் தெரியும். தூக்கமில்லாத வீட்டில் அது எப்படிப் போகிறது என்றே தெரியாது. அதனால் பதினைந்தாம் நாளுக்குள் நான்கு பெயராகக் குறைத்துவிடுங்கள், கூப்பிட்டுப் பார்க்க இரண்டு வாரம் கிடைக்கும்.

அப்பா பெயரை எப்படிச் சேர்ப்பது, இன்னார் மகள் என்பதைக் குறிக்கும் 'டி/ஓ' போடுவதா வேண்டாமா என்பதையும் முன்பே பேசிவையுங்கள். இப்போது பல இளம் பெற்றோர் போடுவதில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதி, தமிழ் தெரியாத இரண்டு பேரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் வாசிப்பதுதான் உங்கள் பிள்ளையின் பெயராகப் போகிறது. பிறகு மாற்ற வேண்டும் என்றால் வழக்கறிஞர், பெயர்மாற்றப் பத்திரம் என்று அலைய நேரிடும்.

தமிழ் எழுத்திலும் பெயரைச் சேர்க்க இடம் உண்டு. தயவுசெய்து அதை வெறுமையாக விடாதீர்கள். விடாதது மட்டுமல்ல, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள். பிறை என்றால் நிலா, பிரை என்றால் பாலில் ஊற்றும் உறைமோர். கைப்பேசியில் தட்டும்போது இந்த இரண்டு ரகரமும், மூன்று லகரமும், இரண்டு னகரமும்தான் கவிழ்க்கின்றன. எழுதியதைத் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

நாங்கள் 33ஆம் நாள் உட்கார்ந்தோம். தம்பி தட்டிக்கொண்டே போனான். ஆங்கிலப் பெயர், அப்பா பெயர் எல்லாம் சரி. தமிழ்க் கட்டத்தில் 'நருமுகை' என்று அடித்திருந்தான். வல்லின று போடு என்றேன். அழித்துவிட்டு 'நறுமுகை' என்று திருத்தினான், தம்பி மனைவி எட்டிப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள், அப்புறம்தான் பணத்தைக் கட்டினோம்.